வெண்ணெய் டப்பாவுக்குப் பின்னால் ஒரு தாள்

கேள்வி: பெர்லினில் முதுகலை படிக்கிறேன். மூன்று பேர் சேர்ந்து ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு மற்ற இருவரும் எல்எஸ்டி என்ற போதைப்பொருள் என்று நம்பி, ஒரே தாளிலிருந்து ஆளுக்கொரு சதுரத்தைக் கிழித்து நாக்கடியில் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் விடியும்வரை சிரித்துக்கொண்டிருந்தார். இன்னொருவருக்கு உடம்பு கொதித்து வலிப்பு வந்துவிட்டது. மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தார். அது எல்எஸ்டியே இல்லை, 25ஐ-என்பிஓஎம்இ என்ற வேறொரு மாயத்தோற்றப் பொருள் என்று பிறகு தெரிந்தது. சிரித்தவர் இன்னும் வாதாடுகிறார்: “இது ரிசர்ச் கெமிக்கல், தடைப்பட்டியலில் கிடையாது. நம் பல்கலைக்கழகத்திலேயே கண்டுபிடித்தது. டென்மார்க்கில் மனிதர்களுக்கு ஊசியாகவே போடுகிறார்கள்.” மீதித் தாள் எங்கள் பொதுக் குளிர்பெட்டியில் அலுமினியத் தாளில் சுற்றி, வெண்ணெய் டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. டிசம்பரில் ஊருக்கு வருகிறேன். இவர் சொல்வதில் எது உண்மை? நான் என்ன செய்ய வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில், வலிப்பு வந்தவர் நடமாடத் தொடங்கிவிட்டாரா? அவருக்குச் சிறுநீரகப் பரிசோதனைக்கு மறுபடி வரச்சொல்லி நாள் கொடுத்திருந்தால் தவறாமல் போகச் சொல்லுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சிரித்த தோழர் சொன்ன வாதங்களில் இரண்டு கிட்டத்தட்ட உண்மை. சிக்கலே அதுதான். முழுப்பொய்யாக இருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பேன்.

கண்டுபிடித்த இடம் பெர்லின்தான். பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஹைம் என்ற ஆய்வாளர் 2003-ஐ ஒட்டி முடித்த முனைவர் பட்ட ஆய்வில் இந்தச் சேர்மம் வருகிறது. 2சி-ஐ என்ற மாயத்தோற்றப் பொருள் அதற்கு முன்பே இருந்தது. அதன் நைட்ரஜன் முனையில் மீத்தாக்ஸிபென்சைல் என்ற வாலை ஒட்டிப் பார்த்தார்கள். ஒட்டியதும், மூளையில் 5-ஹெச்டி2ஏ என்ற ஏற்பியை, அதாவது செரடோனின் என்ற வேதித் தூதை வாங்கும் புரதத்தை, பிடித்துக்கொள்ளும் வலிமை பல மடங்கு கூடியது. வேதியியலில் இப்படி ஒரு தாவல் கிடைப்பது அபூர்வம். பின்னர் அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் டேவிட் நிக்கோல்ஸின் குழு இதே குடும்பத்தை எடுத்து, ஏற்பியின் எந்த இடத்தில் இந்த வால் போய் உட்காருகிறது என்றுகூடத் தேடியது. ஏற்பியை ஒரு பூட்டு என்று வைத்துக்கொண்டால், அந்தப் பூட்டை ஆராய இவர்களுக்கு மிகக் கச்சிதமான சாவி தேவைப்பட்டது. அதற்காகச் செய்தது இது.

சரி, வலிமை கூடியதை எதில் பார்த்தார்கள் தெரியுமா? எலியின் வால் தமனியில். நான் மருந்தியல் மாணவனாக இருந்த காலத்தில் இப்படிப்பட்ட சோதனைகளை மணிக்கணக்கில் செய்திருக்கிறேன். சிறு துண்டுத் திசுவை நூலில் கட்டி, இளஞ்சூடான உப்புக் கரைசலில் தொங்கவிடுவோம். மண்ணெண்ணெய் விளக்கின் கரிப்புகை படியவைத்த உருளை மெதுவாகச் சுழலும். மருந்து ஒரு சொட்டு விழுந்ததும் திசு சுருங்கும், முள் மேலே போகும், கரியில் வெள்ளைக் கோடு விழும். கை கருப்பாகும், சட்டை கருப்பாகும். இப்போது எல்லாம் கணினித் திரையில்தான். ஆனால் கேள்வி மாறவில்லை: சொட்டு விழுந்ததும் எவ்வளவு சுருங்குகிறது?

ரத்தக் குழாய் சுருங்குகிறதா என்று பார்த்துத்தான் இந்தக் குடும்பத்துக்கு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். மாயத்தோற்றம் தருகிறதா என்று எலி வாலிடம் கேட்க முடியாது, இல்லையா? அந்த ஏற்பி மூளைப் புறணியிலும் இருக்கிறது, ரத்தக் குழாயின் தசையிலும் இருக்கிறது, ரத்தத் தட்டணுக்களிலும் இருக்கிறது. செரடோனின் என்ற பெயரே இதைத்தான் சொல்கிறது. 1948-இல் அமெரிக்காவில் கிளீவ்லேண்டில் ரத்த அழுத்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள், ரத்த நீரில் குழாயைச் சுருக்கும் ஏதோ ஒன்று இருக்கிறதே என்று தேடிப்போய்ப் பிரித்தெடுத்தது அது. ரத்த நீருக்கான ‘சீரம்’, இறுக்கத்துக்கான ‘டோன்’ இரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். மனநிலை, மகிழ்ச்சி என்ற பேச்சுகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். நாக்கடியில் வைத்த சதுரத்திலிருந்து மருந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது. மூளைப் புறணியின் ஐந்தாம் அடுக்கு நரம்புச் செல்களில் ஏற்பி தூண்டப்பட்டதும் செல்லுக்குள் கால்சியம் கூடுகிறது. சுவர் அசைகிறது, நிறம் பேசுகிறது, காரணமில்லாமல் சிரிப்பு வருகிறது. அதே நேரத்தில் அதே பொருள் கை கால்களின் ரத்தக் குழாய்களை இறுக்குகிறது. இதயம் வேகம் பிடிக்கிறது, அழுத்தம் ஏறுகிறது. தோலின் குழாய்கள் இறுகியதால் உடம்புச் சூடு வெளியே போக வழியில்லை. மனம் குழம்பியவர் ஓடுகிறார், திமிறுகிறார். திமிறத் திமிறச் சூடு இன்னும் ஏறுகிறது. வலிப்பு வருகிறது. தசைகள் சிதைந்து, அவற்றிலிருந்து கசியும் புரதம் சிறுநீரகத்தை அடைக்கிறது. சிறுநீர் தேநீர் நிறத்தில் போகும். முதலில் சிறுநீரகப் பரிசோதனை என்றேனே, இதனால்தான்.

ஒரே தாளில் கிழித்தும் ஒருவர் ஏன் சிரித்தார், இன்னொருவர் ஏன் விழுந்தார் என்ற கேள்வி உங்களைக் குடைகிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. வேட்டிக்கு நீலம் போட்டுக் கொடியில் காயப்போட்டிருக்கிறீர்களா? சரியாகப் பிழியாவிட்டால் நீலம் கீழ் ஓரத்தில் திட்டாகத் தேங்கிவிடும். மேலே வெளுப்பு, கீழே கறை. மருந்துக் கரைசலில் நனைத்த தாளும் அப்படித்தான் காய்கிறது. நாம் பேசுவது மைக்ரோகிராம் கணக்கு. சமையல் உப்பின் ஒரு பரல் சுமார் 60 மைக்ரோகிராம் இருக்கும். இந்தக் கணக்கில் சில பரல் இங்கே கூடி அங்கே குறைந்தால், பக்கத்துப் பக்கத்துச் சதுரங்கள் இரண்டும் இரண்டு வெவ்வேறு மருந்துகள் மாதிரிதான். இந்தத் தாளைத் தயாரித்தவரிடம் தராசும் இல்லை, தரக்கட்டுப்பாடும் இல்லை. அப்புறம் ஆளுக்கு ஆள் உடம்பு வேறு. மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர், அன்று சாப்பிடாமல் இருந்தவர், வேறு ஊக்கமருந்தும் எடுத்தவர் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம். சிரித்தவருக்கு மருந்தை ஏமாற்றத் தெரிந்திருக்கவில்லை. வெளுப்புப் பக்கத்துச் சதுரம் அவர் கைக்கு வந்திருக்கலாம், அவ்வளவுதான்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. இதை விழுங்கினால் கல்லீரல் பெரும்பகுதியை முதல் சுற்றிலேயே சிதைத்துவிடும். எல்எஸ்டி என்று நினைத்து விழுங்கியவர், ஒன்றும் ஆகவில்லையே என்று அடுத்ததை நாக்கடியில் வைக்கிறார். மருத்துவமனைக்கு வரும் கதைகள் பல இப்படித்தான் தொடங்குகின்றன.

எல்எஸ்டிக்கு நான் நற்சான்று கொடுக்கவில்லை. அதுவும் ஆளைக் குழப்பி மாடியிலிருந்து இறக்கிவிடும் ஜாதிதான். ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேல் மனிதர்கள் அதை எடுத்து, மருத்துவர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள். அளவு மீறியதாலேயே இறந்தவர்கள் மிக அரிது என்பது தெரியும். இந்தப் புதியவன் 2010 வாக்கில்தான் இணையக் கடைகளில் தலைகாட்டினான். 2013 நவம்பரில் அமெரிக்காவின் போதைப்பொருள் தடுப்பு அமைப்பு இவனையும் இவன் உறவினர் இருவரையும் (அயோடினுக்குப் பதில் புரோமின், குளோரின் உள்ளவர்கள்) அவசரமாகத் தடை செய்தபோது, 15 முதல் 29 வயதுக்குட்பட்ட 19 பேரின் சாவோடு இவை தொடர்புபட்டிருப்பதாகக் கணக்குச் சொன்னது. கடையில் வந்து மூன்று, நான்கு ஆண்டுகளுக்குள்.

அடுத்து டென்மார்க். உங்கள் தோழர் இதை எங்கோ அரைகுறையாகப் படித்திருக்கிறார். கோபன்ஹேகனில் மனிதர்களுக்குச் செலுத்துவது உண்மை. நான் இப்போது சொன்ன புரோமின் உறவினர், அதாவது 25பி-என்பிஓஎம்இ, அங்கே சிம்பி-36 என்ற பெயரில், உடம்புக்குள் கதிரியக்கத்தைப் படம்பிடிக்கும் பெட் ஸ்கேனுக்குத் தடயப்பொருளாகப் பயன்படுகிறது. மூலக்கூறு அதேதான். அதில் ஒரு கார்பன் அணுவை மட்டும் கதிரியக்கக் கார்பன்-11 ஆக வைத்திருப்பார்கள். அதன் அரை ஆயுள் 20 நிமிடம். செய்த சூட்டோடு எடுத்துக்கொண்டு ஓடிவந்து ஊசி போட வேண்டும். இல்லாவிட்டால் பாதி போய்விடும். மூளையில் அந்த ஏற்பிகள் எங்கெங்கே இருக்கின்றன என்பது திரையில் ஒளிர்கிறது. செலுத்தும் அளவு, போதை உண்டாக்கத் தேவையானதைவிடப் பல மடங்கு குறைவு. படுத்திருப்பவர் ஒரு மாயமும் காண்பதில்லை. பக்கத்தில் மருத்துவர் நிற்கிறார், கதிரியக்க வேதியியலாளர் அளந்து கொடுக்கிறார், நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்திருக்கிறது, அரசு உரிமம் இருக்கிறது. மோரில் ஒரு துளி உப்புப் போடுகிறார்கள் என்பதற்காக உப்பளத்தில் போய் வாய் வைக்க முடியுமா?

‘ரிசர்ச் கெமிக்கல்’ என்ற பெயரே ஏமாற்றுக்கு வசதியான பெயர். ஆராய்ச்சி செய்து பார்த்துச் சரி என்று சொன்ன பொருள் என்று காதில் விழுகிறது. ஆராய்ச்சியாளர் கையில் இருக்க வேண்டிய பொருள் என்பதே அதன் அர்த்தம். மனிதருக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று யாரும் முறையாகப் பார்த்ததில்லை. பாக்கெட்டின் மேல் ‘மனிதர் உட்கொள்வதற்கு அல்ல’ என்று எழுதி விற்பவருக்கும் அது தெரியும். எழுதியது உங்கள் உடம்பைக் காப்பாற்ற இல்லை, அவர் தோலைக் காப்பாற்றிக்கொள்ள.

நிக்கோல்ஸுக்கே இதில் நெஞ்சு கனத்த அனுபவம் உண்டு. 4-எம்டிஏ (4-மெத்தில்தயோஆம்ஃபெட்டமின்) என்ற வேறொரு சேர்மத்தை அவர் எலிகளில் மட்டும் ஆராய்ந்து 1990-களில் கட்டுரைகள் வெளியிட்டார். யாரோ அதைப் படித்து மாத்திரையாகச் செய்து விற்றார்கள். 2002-க்குள் ஆறு பேரின் சாவோடு அது சேர்ந்து பேசப்பட்டது. பிறகு 2011-இல் ‘நேச்சர்’ இதழில் இதைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். நான் என் மாணவர்களிடம் வருடாவருடம் இந்தக் கதையைச் சொல்வேன். பாடத்திட்டத்தில் இல்லைதான், இருந்தாலும்.

‘தடைப்பட்டியலில் கிடையாது’ என்ற வாதம் மட்டும் சுத்தப் பொய். பத்து வருடப் பழைய செய்தி என்றும் சொல்லலாம். ஒரு காலத்தில் உண்மையாகவே பட்டியலில் இல்லை. சட்டங்கள் பொருள்களைப் பெயர் சொல்லித் தடை செய்யும்போது, பெயர் வைக்காத புதுப் பொருளுக்கு வழி திறந்தே இருக்கும். ஒரு அணுவை மாற்றினால் புதுப் பெயர், புதுப் பாக்கெட். அந்த ஓட்டை இந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை அடைபட்டுவிட்டது. பிரிட்டன் 2013 ஜூனில் தற்காலிகமாகத் தடை செய்து, அடுத்த வருடம் ‘ஏ’ வகுப்பில் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் 25ஐ-யைக் கட்டுப்படுத்த முடிவெடுத்தது. உறுப்பு நாடுகள் ஓராண்டுக்குள் அதைத் தங்கள் சட்டத்தில் சேர்க்க வேண்டும். ஜெர்மனியும் சேர்த்தது. 2015 மார்ச்சில் ஐநாவின் போதைப்பொருள் ஆணையம் 1971-ஆம் ஆண்டு உளமாற்றப் பொருள்கள் உடன்படிக்கையின் முதல் அட்டவணையில் மூன்றையும் போட்டது. எல்எஸ்டி இருக்கும் அதே அட்டவணை.

வேறு அணுவை மாற்றிக் கொண்டுவந்தால்? அதற்கும் ஜெர்மனி 2016 நவம்பரில் தனிச் சட்டம் கொண்டுவந்தது. பெயர் சொல்லாமல், இந்த வகை மூலக்கூறு எலும்புக்கூட்டில் இந்த மாதிரி மாற்றம் செய்த எல்லாமே என்று குடும்பத்தோடு தூக்கிவிடும் சட்டம் அது. ஆக அந்தப் பல்கலைக்கழகத்திலேயே ஒரு பேராசிரியர் இன்று இதை ஆய்வுக்கு வைத்திருக்க வேண்டுமென்றாலும், மருந்துகளுக்கான கூட்டாட்சி நிறுவனத்திடம் அனுமதி வாங்க வேண்டும். உங்கள் குளிர்பெட்டிக்கு அந்த அனுமதி இருக்கிறதா என்று தோழரிடம் கேளுங்கள்.

ஜெர்மானியச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. உட்கொண்டது குற்றமில்லை, வைத்திருப்பது குற்றம். ஐந்தாண்டு வரை சிறை அல்லது அபராதம். சொந்த உபயோகத்துக்கான சொற்ப அளவு என்றால் அரசு வழக்கறிஞர் விட்டுவிட வாய்ப்பு இருக்கிறது. இருந்தாலும் அதை நம்பி யாரும் குடியிருக்கக் கூடாது. வெளிநாட்டு மாணவருக்குப் போதைப்பொருள் வழக்கு என்றால் தங்கும் அனுமதியே கேள்விக்குள்ளாகும். அங்கே ஒரு பொருள் இருக்கிறது என்று தெரிந்திருப்பது மட்டுமே உங்களைக் குற்றவாளி ஆக்காது. ஆனால் மூன்று பேர் கை வைக்கும் குளிர்பெட்டியில், மூன்று பேர் வெண்ணெய்க்குப் பின்னால், இது யாருடையது என்று ஒரு காவலர் கேட்டால், பதில் சொல்லும் சிரமம் மூவருக்கும்தான். நான் வழக்கறிஞர் இல்லை. உங்கள் மாணவர் அமைப்பில் இலவச சட்ட ஆலோசனை நேரம் இருக்கும். போய்க் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தத் தாளை நீங்கள் தொடாதீர்கள், எங்கும் எடுத்துப்போகவும் வேண்டாம். அது யாருடையதோ அவரே இன்றே வீட்டை விட்டு அகற்றட்டும். அழிக்க மனம் வரவில்லை, இது வேறாக இருக்கலாம் என்று அவர் இழுத்தால், பெர்லினில் 2023 முதல் போதைப்பொருள் பரிசோதனை மையங்கள் இலவசமாக, பெயர் கேட்காமல் இயங்குகின்றன. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வார்கள், கூடவே உட்கார்ந்து பேசுவார்கள். அந்தப் பேச்சுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வீட்டில் வைத்துப் பார்க்கும் ஏர்லிக் சொட்டு என்று ஒன்று உண்டு. எல்எஸ்டியில் இண்டோல் வளையம் இருப்பதால் ஊதாவாகும், இதில் அந்த வளையம் இல்லாததால் நிறம் மாறாது. சொட்டு ‘இது எல்எஸ்டி இல்லை’ என்று சொல்லும், எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. கசந்தால் துப்பிவிடு என்ற சந்தை ஞானமும் அப்படித்தான். இந்தக் குடும்பம் உலோகக் கசப்பும் மரத்துப்போகும் உணர்வும் தருவது உண்டு. கசக்கவில்லை என்பதால் நம்பிவிட முடியாது.

மருத்துவமனையில் வழக்கமான சிறுநீர்ச் சோதனை இதைப் பிடிக்காது. மூலக்கூறுகளை எடையை வைத்து அடையாளம் காணும் நிறை நிறமாலைமானி வேண்டும். வலிப்பு வந்தவருக்குப் பெயரோடு சொல்லியிருக்கிறார்கள் என்றால் அங்கே யாரோ பொறுப்பாக வேலை பார்த்திருக்கிறார்கள். மறுபடி இப்படி ஆனால், உங்கள் கண்ணெதிரே நடந்தால்: 112-ஐ அழையுங்கள். எடுத்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள், மீதி இருந்தால் காட்டுங்கள். அங்குள்ள மருத்துவர் நோயாளியின் ரகசியம் காக்கச் சட்டப்படி கட்டுப்பட்டவர். இதற்கு மாற்று மருந்து கிடையாது. பென்சோடயசெபைன் வகை மருந்தால் அமைதிப்படுத்தி, குளிர்வித்து, நீரேற்றி, சிறுநீரகத்தைக் கண்காணிப்பார்கள். வண்டி வரும்வரை ஆளை அமுக்கிப் பிடிக்காதீர்கள், திமிறல் சூட்டைக் கூட்டும். விளக்கைக் குறைத்து, சட்டையைத் தளர்த்தி, வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். வாயில் ஸ்பூனோ சாவியோ வைக்கும் நம்மூர் வழக்கம் வேண்டவே வேண்டாம். பல் உடையும், வலிப்பு நிற்காது.

ஊருக்கு வருவது பற்றிக் கடைசியாகச் சொல்லியிருந்தீர்கள். பெட்டியை நீங்களே அடுக்குங்கள். யார் கொடுத்த உறையையும், யார் கொடுத்த புத்தகத்தின் நடுவில் செருகியதையும் வாங்கி வராதீர்கள். இங்கே இந்தியாவில் எல்எஸ்டிக்கு வணிக அளவு என்பது 0.1 கிராம்தான். அதைத் தாண்டினால் பத்து முதல் இருபது ஆண்டு கடுங்காவல். கலந்திருக்கும் மற்றப் பொருளின் எடையையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவ்வளவு எடைக்குப் பெரிய பொட்டலம் தேவையில்லை.

சிரித்தவரிடம் இந்தப் பதிலைக் காட்டுவதா வேண்டாமா என்று யோசிப்பீர்கள். காட்டுங்கள். என் பெயரைச் சொல்லித் திட்டினாலும் பரவாயில்லை. ஆனால் காட்டுவதற்கு முன் வெண்ணெய் டப்பாவுக்குப் பின்னால் இருப்பது போய்விட்டதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.